ஒரே நாளில் வாங்கிய பட்டம்

தம்போய் நகரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் மதிய இடைவேளை. கைபேசியில் மஜீதாவின் புதுப் படத்தைப் பார்த்ததும் நஸீமாவுக்கு மனசு பொருமியது. இஸ்தான்புல் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு ஒரே சிரிப்பு!

"பாரு ஷர்மினி, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் பட்டமளிப்பு. ஒரு ஆளு துருக்கியில, ஒரு ஆளு இங்க இன்வாய்ஸ் அடிச்சுக்கிட்டு!"

"நீயும் போ லா," என்றாள் பக்கத்து மேசை ஷர்மினி.

"புதுசா சேர்ந்தவளுக்கு யாரு லீவு கொடுப்பா? போன மாசம் பாலி, இப்ப இது. அசைன்மென்ட் எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், தெரியுமா?"

அப்போது வீடியோ அழைப்பு வந்தது. அழைத்தது மஜீதாதான். நஸீமா வேண்டாவெறுப்பாக எடுத்தாள்.

"சாப்பிட்டியா? அத்தா மாத்திரை போட்டாங்களா?"

"எல்லாம் ஆச்சு, உம்மா," என்றாள் நஸீமா வெடுக்கென்று. "நீங்க நல்லா ஊர் சுத்துங்க. இந்த வயசுல நான்தான் அங்க நிக்கணும்."

மறுமுனையில் சிரிப்பு. "உன் வயசுல நான் உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நம்ம கடையில தட்டு கழுவுனேன்டி. நீ காலேஜ் போனப்புறம்தான் நானே படிக்க ஆரம்பிச்சேன். கையில பட்டம் வந்ததும்தான் தைரியமா கிளம்புனேன்."

நஸீமா திரையில் தெரிந்த உம்மாவின் சிரிப்பை மறுபடி பார்த்தாள்.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டே வாங்க, உம்மா. அத்தாவை நான் பாத்துக்கிறேன்," என்றாள் மெதுவாக.

வயிற்றெரிச்சல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.