கடைசிச் சரணம்

பஹ்ரைனின் மனாமா நகரத்து ஓட்டல் பாரில் மாலை வெயில் கம்பளத்தின் கறைகள்மேல் கிடக்கிறது. வருஷக்கணக்காக இங்கே பாடிவரும் மார்க்கண்டு மேடைக்குக் கீழே நிற்கிறார். மனைவி விட்டுப்போனவன் குடித்தபடி புலம்பும் பழைய அமெரிக்கப் பாட்டை அவர் இழுத்து இழுத்து அழுகையாகப் பாடுவார். வேலை கேட்டு வந்த மணிலாக்காரி அதையே இப்போது துள்ளலாகப் பாடுகிறாள். கிளாஸ் துடைக்கும் வீரபாண்டியின் தோள் தானாகக் குலுங்குகிறது. "மன்னிச்சுக்கங்கண்ணே," என்கிறான் மார்க்கண்டுவிடம். "நீ ஆடு தம்பி. பிள்ளை நல்லாத்தான் பாடுது." அதுதான் அவருக்கு எரிகிறது. பாட்டு முடிகிறது. "கல்லாஸ், முடிஞ்சுது மார்க்கண்டு, நாளையிலேர்ந்து இவதான். உனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுடறேன்," என்கிறார் மேனேஜர் மதுசூதனன். "கடைசிச் சரணத்தை விட்டிட்டாள் சேர். மனுசி இனி வரமாட்டாள் எண்டு அவனுக்கு விளங்குற இடம்." "அதைக் கேட்டா குடிக்க வந்தவன் எந்திரிச்சுப் போயிடுவான்யா. ஆடுறவன்தான் இன்னொரு ரவுண்டு கேப்பான்." மார்க்கண்டு தன் கீபோர்டின் வயரைச் சுருட்டுகிறார். மணிலாக்காரி பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள்.