ஆமையின் சம்மதம்

ஒரு கால்வாயில் வாத்து, நீர்நாய், ஆமை மூவருக்கும் பொதுவாக ஒரு படகு இருந்தது. மூவரும் நீந்துகிறவர்கள், அவர்களுக்குப் படகு தேவையில்லை. அதனால்தான் வாடகைக்கு விட்டார்கள். மூவரும் சம்மதிக்காமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பங்காளிகள் அல்லவா, ஒருவரை ஒருவர் நம்புவதில்லை.

கீரிக்குப் பயந்து அக்கரைக்குக் குடிபோகக் கிளம்பிய ஒரு கோழி, குஞ்சுகளோடு அந்தப் படகில் ஏறியது. பாதி வழியில் அடிப்பலகையிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது.

"ஐயோ, ஓட்டை!" என்று கோழி அலறியது.

பக்கத்தில் நீந்திவந்த வாத்து எட்டிப் பார்த்தது. "அது வெகு நாளாக இருக்கிறது, அக்கா. காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தோம்."

"என் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியாதே!"

"இறங்கினால் தானாக வந்துவிடும்" என்றது மறுபக்கம் வந்த நீர்நாய்.

கோழி தன் இறகுகளைப் பிடுங்கி ஓட்டைக்குள் திணிக்கப் போனது.

"அலகை எடு, அக்கா! பொதுச் சொத்து" என்று நீர்நாய் தடுத்தது. "எங்கள் இருவருக்கும் சம்மதம்தான். ஆமையை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"ஆமை எங்கே?"

"அடியில் தூங்குகிறது. எழுப்பினால் கோபித்துக்கொள்ளும்."

முறை தெரிந்த கோழி அது. அலகை எடுத்துவிட்டு, குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு காத்திருந்தது.

படகு எல்லோரையும் சுமந்தபடி மெல்ல இறங்கி, ஆமைக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தது. ஆமை கண்விழித்தது. கூடவே முங்கி வந்த நீர்நாய் விஷயத்தைச் சொன்னது.

"இதற்கெல்லாமா என்னைக் கேட்பது?" என்றது ஆமை. "தாராளமாக அடையுங்கள்."