மடித்து வைத்த வாடை

என் கோப்பைத் திறந்ததும் கிளினிக் டெக்னீஷியன் ஹாஜிரா நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினாலு வயசுல இந்த சிகிச்சை செஞ்சிருக்கீங்க. பச்சைத்தோல் வாடை தெரியாம இருக்க, அதை முகர வைக்கிற மரபணுவை செல்லோட உட்கரு ஓரத்துல தள்ளி வச்சிருக்காங்க."

"அழிச்சிட்டாங்களா?"

"இல்லீங்க, பத்திரமாத்தான் இருக்கு. ஓரத்துல இறுக்கி மடிச்சிட்டா செல் அதைப் படிக்காது. நடுவுல கொண்டாந்து பிரிச்சு விட்டா மறுபடியும் படிக்கும்."

அப்பா ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் பச்சைத்தோல் அலசியவர். எவ்வளவு குளித்தாலும் அவரிடமிருந்து அந்த வாடை போகாது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். சம்மதப் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே எம் பொண்ணு எம் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவா" என்று தெருவெல்லாம் சொன்னார்.

சாப்பிட்டேன். ஆனாலும் அப்பா சாகும்வரை, வேலைவிட்டு வந்ததும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் என்னைத் தொட்டார்.

"எனக்குத்தான் தெரியாதேப்பா" என்பேன்.

"பழகிப்போச்சும்மா."

மடித்ததைப் பிரித்துவிட, கிளினிக்கில் மூன்று நாள் என் மூக்கில் சொட்டு மருந்து விட்டார்கள். நான்காம் நாள் காலை, அம்மா துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்த அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தேன்.

ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அம்மா சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மடிக்காதம்மா" என்றேன். "குடு."