விடுப்பில் இருக்கும் கை

"யோவ், உன் வலது கைக்கு என்னய்யா ஆச்சு? சும்மா தொங்குது?"

"அதுவா? மருத்துவ விடுப்புல இருக்கு."

"விடுப்புல இருக்கறது எதுக்குய்யா உன்கூட வேலைக்கு வருது?"

"வீட்ல உன்கூடத் தனியா இருக்கப் பயமா இருக்காம்."

அரங்கம் சிரித்தது. கிகுனோ காகித விசிறியால் கணவரின் வலது கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். தொகுஜி சபையைப் பார்த்து, "பக்கத்துல யாரோ யாரையோ அடிக்கிறாங்க போல" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் குழறும். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி அவளிடம் நீட்டினார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தி, உரக்க எண்ணினாள்.

"அஞ்சும் இருக்குய்யா. எதுவும் ஓடிப்போகல."

"உன் கணக்குல எனக்கு நம்பிக்கை இல்ல. திருப்பி எண்ணு."

அவள் முதலிலிருந்து எண்ணினாள். ஒசாகாவின் அந்தச் சின்ன அரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போனாள்.

அரங்க மானேஜர் நிஷிவாகி வாசல் வரை பின்னாலேயே ஓடினார்.

"முடியாத மனுஷனை மேடையில நிக்க வெச்சு, பொண்டாட்டியே கேலி பண்றா. நீங்க அதுக்கு டிக்கெட் விக்கறீங்க" என்றாள் அவள். "எங்க அண்ணன் ரெண்டு வருஷமா இதே மாதிரிதான் கிடக்கறான். எதை வெச்சுச் சிரிக்கலாம்னு ஓர் அளவு வேண்டாமாங்க?"

நிஷிவாகி குனிந்து மன்னிப்புக் கேட்டார். வாய் வார்த்தைக்காக அல்ல. சிரிப்புக்கும் ஒரு வேலி உண்டு என்பது அவர் எண்ணமும்தான்.

ஒப்பனை அறையில் கிகுனோ தனியாக இருந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்று உருண்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருப்பா. சாப்பிடறியா? உள்ள மீன் வெச்சது."

"வேண்டாங்கா. அடுத்த காட்சியிலேர்ந்து அந்தக் கை வேண்டாம்."

"எந்தக் கை?"

"விளையாடாதீங்க. ஜனங்க சங்கடப்படறாங்க."

"சிரிக்கறாங்களேப்பா."

"எல்லாரும் இல்ல."

"இருபது வருஷமா என்னைச் சுமோ பயில்வான்னு சொல்றாரு. ஒருத்தராவது எழுந்து போயிருப்பாங்களா?"

"குண்டு வேற, பக்கவாதம் வேறக்கா."

"அதைக் குண்டா இருக்கறவங்ககிட்ட கேட்டியா?"

நிஷிவாகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"மத்தது எல்லாம் இருக்கட்டும். கை மட்டும் வேண்டாம்."

"மத்ததை எல்லாம் எடுத்துடு. பயில்வானை எடுத்துடு. மாமியார் கதையை எடுத்துடு. கையை மட்டும் விட்டுடு."

"மாமியார் கதைக்குத்தானே அதிகம் சிரிக்கறாங்க?"

"தெரியும்."

"அப்புறம் என்ன பிடிவாதம்?"

கிகுனோ உருண்டைகளை வரிசை மாற்றி வைத்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. "கைதட்டலுக்காகப் புருஷனோட வியாதியைக் கூவி விக்கறாங்கன்னு வெளியில பேச்சு. நானும் எவ்வளவு நாள் காதைப் பொத்திக்கறது? கை வேணும்னா, நாளையிலேர்ந்து உங்க ஜோடியையே நிகழ்ச்சியிலேர்ந்து எடுக்க வேண்டி வரும்கா. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

கதவு திறந்தது. தொகுஜி முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. நிஷிவாகிக்குத் தலையசைத்துவிட்டு, இடது கையால் பொத்தான்களைக் கழற்றினார். வலது பக்கத்துச் சட்டைக் கை மட்டும் முழங்கையில் சிக்கிக்கொண்டது.

கிகுனோ எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"விடு."

"கிழிஞ்சிடும்ங்க."

"விடுன்னு சொன்னேன்ல."

மேடையில் கேட்ட குரல் இல்லை அது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். துணியைப் பல்லால் கடித்து இழுத்தார். தையல் விட்டுப்போகும் சத்தம் கேட்டது. புதுச் சட்டைக்குள் அந்தக் கையை ஏதோ பொட்டலத்தைத் திணிப்பதுபோலத் திணித்தார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

கிகுனோ, இரண்டடி தள்ளி, நீட்டிய கையை மடக்காமலே நின்றிருந்தாள்.

தொகுஜி ஒரு சோற்று உருண்டையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மேடைப் பக்கம் போனார்.

சற்று முன் அத்தனை பேருக்கு நடுவே அவராகவே தூக்கி நீட்டிய அதே கைதானா என்று நிஷிவாகிக்குச் சந்தேகமாக இருந்தது.

"வீட்லயும் இப்படித்தானாக்கா?"

"வீட்ல கண்ணுல காட்டவே மாட்டாரு. தூக்கத்துல தொட்டாக்கூட முழிச்சுக்குவாரு." கிழிந்த சட்டையை உதறி மடித்தாள். "மேடையிலதான் அவரா எடுத்து நீட்டறாரு. விரலை மடக்கி நிமுத்தற பயிற்சி, ஒரு நாளைக்கு மூணு தடவை செஞ்சே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

நிஷிவாகி தொகுஜி போன பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கிகுனோ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீ எங்களுக்கு ரெண்டு காட்சிதானேப்பா கொடுத்திருக்கே?"