மாப்பிள்ளை கன்னத்தில் பச்சை

“இந்தக் காலத்துல எவனும் இருக்கிறத இருக்கிறபடி காட்டறதில்ல. கறுப்பா கீறவன செவப்பாக்கறான், கெழவனக் கொமரனாக்கறான். நீ இன்னாடான்னா மாப்பிள்ளைய மாங்காயாக்கி வெச்சிருக்க.”

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில், ஆதிநாராயணன் ஒரு படத்தை மேஜைமேல் போட்டார். நகரியில் பேத்தி கன்னிகாவின் கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. படத்தில் மாப்பிள்ளை கிஷோரின் கன்னத்தில் லேசாக ஒரு பச்சைத் திட்டு. ஒரு படத்தில் இல்லை, எல்லாப் படத்திலும், அதே இடத்தில். மாப்பிள்ளை நகர்ந்துபோன படங்களில் அது புரோகிதரின் நெற்றியில் விழுந்திருந்தது.

ஸ்டுடியோக்காரர் சுரேஷ்பாபு தெலுங்கில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் விளக்கினார். அவருடைய அகல லென்ஸ் பழசு. படத்தின் நாலு மூலையும் இருட்டடிக்கும், ஓரமெல்லாம் சிவப்புத் தட்டும். அதைச் சரிபண்ண ஒரு சாப்ட்வேர் வைத்திருக்கிறார். வெள்ளையாக எதையாவது அதே லென்ஸில் ஒரு படம் எடுத்து முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அதில் எங்கே இருட்டோ, அங்கே எல்லாப் படத்துக்கும் வெளிச்சம் கூட்டும். எங்கே சிவப்போ, அங்கே பச்சையைக் கலந்து சிவப்பை அடக்கும்.

அப்படிக் காட்டிய வெள்ளை, ஆதிநாராயணனின் வேட்டிதான். முகூர்த்தத்தன்று காலையில் சுரேஷ்பாபு வெள்ளைச் சுவர் தேடி அலைந்தார். மண்டபம் முழுக்க ரோஸ் பெயின்ட். இவர்தான் பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அதை மாடிக் கொடியில் விரித்துப் படம் எடுத்தபோது, ஆள் இல்லாத வேட்டியைப் படம் பிடிக்கிற பைத்தியக்காரனை இன்றுதான் பார்க்கிறேன் என்று இவர் பந்தியில் போய்ச் சொல்லிச் சிரித்தார்.

மகள் தேவசேனா ஆல்பம் வாங்கத் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் லைட் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் வாயில் புண் வந்து, டாக்டர் வெற்றிலை புகையிலையை நிறுத்தச் சொன்னார். ஏழுமலையான்மேல் சத்தியம் பண்ணி இரண்டையும் நிறுத்தினார். மறுபடி வாயில் வைத்தது தெரிந்தால் நகரி வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பதியில் தன்னோடு மூன்றாவது மாடிக்கு வந்துவிட வேண்டும் என்பது மகளின் தீர்ப்பு. தறிச் சத்தம் இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் இப்போதெல்லாம் சோம்பைத் தவிர எதையும் துன்னுவதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதனாலோ கணக்கு தப்பிவிட்டது, திட்டைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுகிறேன் என்றார் சுரேஷ்பாபு. தேவசேனாவுக்கு அது போதும். “விடு நைனா. அவருதான் சரிபண்ணித் தரேன்றாரில்ல” என்றாள்.

ஆதிநாராயணன் விடவில்லை. தப்பு எங்கே என்று தெரியாமல் துடைப்பது ஏமாற்று வேலை என்றார். இன்றைக்குக் கன்னத்தில் பச்சை பூசுகிற மெஷின், நாளைக்குத் தாலியையே அழித்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“காரணத்தக் காட்டு. அதுவரைக்கும் நானும் போறதில்ல, எம் பொண்ணும் போறதில்ல.”

சுரேஷ்பாபு பெருமூச்சு விட்டு, வேட்டியின் படத்தைத் திரையில் திறந்தார். திரை முழுக்க வெள்ளை. ஆதிநாராயணன் தொடையில் தட்டினார்.

“பாத்துக்கம்மா. பாலு மாதிரி கீது. போன மாசந்தான் நம்ம தறியில இருந்து எறக்கினது. ஒரே ஒரு தடவ கட்டித் தொவைச்சேன். துணி மேல தப்பு இல்ல, இவன் மெஷினு மேலதான் தப்பு.”

“கண்ணுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியும் பெரியவரே. கொஞ்சம் நிறத்தத் தூக்கிப் பாக்கறேன்.”

“தூக்கு, நல்லாத் தூக்கு. இங்கதான் உக்காந்துகினு கீறேன்.”

சுரேஷ்பாபு மவுஸை நகர்த்தினார். வெள்ளை மெல்லச் சாம்பலாகியது. மூலைகள் கறுத்தன, ஓரங்கள் சிவந்தன. எல்லாம் லென்ஸ் செய்கிற வேலை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். மாப்பிள்ளையின் கன்னம் விழுகிற இடத்தில், வேட்டியின்மேல் ஒரு சிவப்புக் கறை எழும்பி வந்தது. மேலே அகலமாகத் தெறித்து, கீழே மெலிந்து ஒழுகியிருந்தது.

சுரேஷ்பாபு அவசரமாக ஏதோ வயரைத் தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

“நைனா, இந்த வேட்டி எப்ப நெய்ததுன்னு சொன்ன?”

“போன மாசம். அதுக்கு இன்னா இப்ப?”

“நீ வெத்தலைய வுட்டு ஆறு மாசம் ஆச்சே.”

ஆதிநாராயணன் ஒருமுறை திரையைப் பார்த்தார், ஒருமுறை மகளைப் பார்த்தார். “மெஷின நம்பாதன்னு அப்பவே சொன்னேன்” என்று சொல்லி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, திருப்பதி பஸ்ஸுக்கு முதுகைக் காட்டியபடி நகரி பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.