எட்டு மில்லிமீட்டர்

காரின் முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் லோயர் ஆர்மைப் பார்த்து, “இன்னும் ஒரு ரேஸ் தாங்கும்டா” என்று தம்பியிடம் சொன்னவன் நான்தான். மூன்றாவது வளைவில் அது உடைந்தது. அவன் போய் இரண்டு வருடம் ஆகிறது. நாளைக்கு அதே பழைய காரை அவன் மகள் ஓட்டப்போகிறாள். முன்பக்கம் லோயர் ஆர்ம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் புதிதாக மாட்டினேன்.

ரேஸ் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தை டிரைவர் உள்ளே இருக்கிற கணக்கில்தான் வைப்போம். அவள் எடைக்கு மணல்மூட்டைகளை டிரைவர் சீட்டில் வைத்தேன். அந்தப் பக்கம் எட்டு மில்லிமீட்டர் இறங்கியது. மூட்டைகளை எடுத்தேன். கார் மேலே ஏறவில்லை. ஸ்பிரிங் சரியாக உட்காரட்டும் என்று காரை முன்னும் பின்னும் உருட்டி மறுபடி அளந்தேன். ஏறவே இல்லை.

“என்ன பெரியப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. நீ ஏறி உக்காரு, பாப்போம்.”

அவள் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். “இந்தத் தடவை தாங்கும்ல பெரியப்பா?”

குனிந்து அளந்தேன். அவள் பக்கம் அளவு மாறவில்லை. அடுத்த பக்கம் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

அந்தப் பக்கம் சீட்டே கிடையாது. எடை குறையட்டும் என்று தம்பிதான் கழற்றிப் போட்டான்.