ஒரே குத்தில் நிரம்பிய குழாய்கள்

ஆஸ்பத்திரி ரத்த வங்கி மேசையில் ரத்தம் நிரப்பிய இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது, கிடந்தன. இரண்டிலும் செண்பகவல்லி என்று பெயர் ஒட்டியிருந்தது. பிரசவத்துக்கு வந்த அவளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். இரண்டு தடவை தனித்தனியாகக் குத்தி எடுத்து, இரண்டும் ஒரே ரத்த வகை என்று வந்தால்தான் கம்ப்யூட்டர் ரத்தம் கொடுக்கச் சொல்லும். அதுதான் அங்கே சட்டம்.

சின்னக் குழாய் பெரிய குழாயிடம் பொருமியது.

"அக்கா, நம்ம ரெண்டு பேரையும் ஒரே குத்துல நிரப்பிட்டு, என்னை அரை மணி நேரம் நர்ஸ் பாக்கெட்டுல வச்சிருந்து, வேற நேரம் எழுதி அனுப்பியிருக்காங்க. அதுவும் பக்கத்துக் கட்டில்காரி கையில குத்தினது. பேரையாவது கேட்டாங்களா?"

"உனக்கென்னடி? நாம ஒத்துப்போனா வேலை முடிஞ்சுது."

"நாம ஒத்துப்போவோம். நம்ம வகை ரத்தத்தைச் செண்பகவல்லி உடம்பு ஏத்துக்குமா?"

சின்னது கம்ப்யூட்டரிடம் முறையிட்டது.

"எனக்குப் பேரும் நேரமும்தான் தெரியும். எல்லாம் சரியா இருக்கு," என்றது அது.

சின்னக் குழாய் மேசை விளிம்பில் உடம்பைத் தேய் தேயென்று தேய்த்தது. பெயர்ச்சீட்டு கிழிந்து விழுந்தது.

பெயரில்லாத குழாயை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். பரிசோதிக்கிற பெண் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், பேரைக் கேட்டு, புதுசா குத்தி எடுத்து அனுப்புங்க."

புதுக் குழாய் வந்தது. அதன் வகை பெரிய குழாயோடு ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் ரத்தம் கொடுக்க முடியாது என்றுவிட்டது.

"யாருடி இவ?" என்றது பெரிய குழாய்.

"இவதான் செண்பகவல்லி," என்று தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.